பிளக் பொருந்தினால் போதுமா? வெளிநாடு கிளம்பும் முன் ஒரு அடாப்டர் பாடம்

மேல்விஷாரத்துக்காரர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதுசு இல்லை. தோல் வியாபாரத்துக்காக மிலான், ஹாங்காங் என்று போய் வருகிறவர்கள் ஒரு பக்கம். வேலைக்கு ரியாத், துபாய், தோஹா போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஹஜ், உம்ரா போகும் பெரியவர்களும் உண்டு. பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பத்து தடவை எடுத்துப் பார்ப்போம். செல்போன் சார்ஜரை மட்டும் கடைசி நிமிஷத்தில் சுவரிலிருந்து பிடுங்கிப் பையில் போடுவோம். போய் இறங்கினால், அங்கே சுவரில் இருக்கிற ஓட்டை வேறு மாதிரி இருக்கும்.

முன்பெல்லாம் போன் அணைந்தால் வீட்டுக்குப் பேச முடியாது, அவ்வளவுதான். இப்போது போர்டிங் பாஸ், ஹோட்டல் முகவரி, வங்கி ஓடிபி எல்லாமே அதற்குள் இருக்கிறது. மதீனாவில் ரவ்ளாவுக்குள் போவதற்கான அனுமதியைக்கூட நுசுக் செயலியில்தான் பதிவு செய்கிறோம். கூட்டத்தில் பிரிந்துபோன அம்மாவைத் தேடுகிற நேரத்தில் அம்மா போனும் உங்கள் போனும் அணைந்து கிடந்தால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் பொருள்தானே என்று அடாப்டரை அலட்சியமாக வாங்க வேண்டாம்.

அடாப்டர் என்ன செய்யும், என்ன செய்யாது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். மின்சாரத்தை மாற்றாது. சுவரில் 120 வோல்ட் வந்தால் உங்கள் கருவிக்கும் 120 வோல்ட்தான் போகும். 230 வந்தால் 230. வோல்ட்டை மாற்றுவதற்கு கன்வெர்ட்டர் அல்லது டிரான்ஸ்பார்மர் என்று தனிக் கருவி இருக்கிறது. அது கனமாக இருக்கும், விலையும் கூடும். கடையில் "உலகத்துக்கே ஒரே அடாப்டர் பாய், எதை வேணும்னாலும் சொருகலாம்" என்று சொன்னால், பாதிதான் உண்மை. சொருகலாம். ஓடுமா, எரியுமா என்பதைக் கருவியின் மேல் இருக்கிற எழுத்துதான் சொல்லும்.

அந்த எழுத்தை இப்போதே பார்த்துவிடலாம். உங்கள் சார்ஜரைக் கையில் எடுங்கள். பொடி எழுத்தாக இருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் சுலபம். "இன்புட்" என்ற இடத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? இருந்தால் அந்த சார்ஜர் உலகத்தில் எந்த நாட்டு மின்சாரத்திலும் வேலை செய்யும். செல்போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் இப்போது அநேகமாக எல்லாமே இப்படித்தான் வருகின்றன. இவற்றுக்கு வடிவம் மாற்றும் அடாப்டர் ஒன்று போதும்.

அதே இடத்தில் 220-240 அல்லது 230 என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், முடி உலர்த்தி, மிக்ஸி எல்லாம் இந்த ரகம். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கே சரியாக ஓடாது. வோல்ட் பாதியானால் வெப்பம் பாதியாகும் என்று நினைப்போம், ஆனால் கால் பங்காகும். நம்ம ஊரில் 1000 வாட் எடுக்கும் கெட்டில் அமெரிக்காவில் ஏறக்குறைய 270 வாட்தான் எடுக்கும். டீ போட அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். இதுவாவது பரவாயில்லை. அங்கே வாங்கிய 120 வோல்ட் சாமானை இங்கே கொண்டுவந்து சொருகினால் நாலு மடங்கு சூடாகி, கண் எதிரே புகைந்துவிடும்.

நம்ம உருண்டை முள்ளும் வளைகுடாவின் சதுர முள்ளும்

இந்தியாவின் மூன்று உருண்டை முள் பிளக்கை உலகம் "டி வகை" என்று அழைக்கிறது. இதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 1293. வேடிக்கை என்னவென்றால், இது பிரிட்டிஷ்காரர்களின் பழைய வடிவம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்கள் ஊரில் வயரிங் முறையையே மாற்றினார்கள். செம்புத் தட்டுப்பாட்டில் கம்பியை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் ஒரு காரணம். 1947-ல் பட்டையான மூன்று முள், உள்ளே ஒரு ஃபியூஸ் என்று புதுப் பிளக் தரம் வந்தது. நாம் சுதந்திரம் வாங்கிய அதே ஆண்டு! நாம் பழைய உருண்டை முள்ளோடு நின்றுவிட்டோம். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், வளைகுடா நாடுகள் எல்லாம் அந்தப் புதுப் பிளக்கை எடுத்துக்கொண்டன. அதைத்தான் "ஜி வகை" என்கிறோம். இலங்கையில் இரண்டையும் பார்க்கலாம்.

ஆகவே நம்ம ஊர்க்காரர்களில் பெரும்பாலானோருக்கு உலகம் முழுவதற்குமான அடாப்டர் தேவையே இல்லை. துபாய், தோஹா, குவைத், மஸ்கட், ஜித்தா எங்கே போனாலும் டி வகையை ஜி வகையாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று போதும். பல தலைகள் உள்ள பெரிய அடாப்டரை விட இது உறுதியாக நிற்கும், விலையும் குறைவு. குடும்பத்தோடு போனால் ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்தால்கூட நஷ்டமில்லை.

சவூதி பற்றி மட்டும் கூடுதலாக ஒரு விஷயம். அங்கே நீண்ட காலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. 2010-ல்தான் படிப்படியாக நாடு முழுவதையும் 230 வோல்ட்டுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். புதிய கட்டிடங்களில் ஜி வகை சாக்கெட், 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பழைய கட்டிடத்தில் அமெரிக்கா மாதிரி இரண்டு பட்டை ஓட்டை உள்ள சாக்கெட்டைப் பார்த்தால், அதில் குறைந்த வோல்ட் வரலாம். போன் சார்ஜருக்குக் கவலை இல்லை. வேறு எதையும் சொருகும் முன் கட்டிடத்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது ரொம்ப முக்கியமான எச்சரிக்கை. ஜி வகை சாக்கெட்டில் கீழே உள்ள இரண்டு ஓட்டைகளையும் ஒரு சின்னக் கதவு மூடியிருக்கும். மேலே உள்ள நீளமான எர்த் முள் உள்ளே போனால்தான் அந்தக் கதவு திறக்கும். குழந்தைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பேனா மூடி, சாவி, ஸ்பூன் காம்பு எதையாவது மேல் ஓட்டையில் விட்டு அழுத்திக்கொண்டு, இரண்டு முள் சார்ஜரைக் கீழே திணிக்கிறார்கள். வளைகுடா அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். சார்ஜ் ஏறும்தான். ஆனால் முள் சரியாகப் பிடிக்காமல் ஆடும், ஆடுகிற இடத்தில் தீப்பொறி வரும், பிளாஸ்டிக் உருகும். சாக்கெட் வயரிங்கில் தவறு இருந்தால், சாவியைப் பிடித்த கைக்கே ஷாக். சின்ன அடாப்டர் ஒன்றை வாங்காமல் மிச்சம் பிடிக்கிற காசு இதற்கு ஈடாகாது.

ஆம்பியர் கணக்கு

அடாப்டரின் மேல் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று ஒரு எண் இருக்கும். அதை வோல்ட்டோடு பெருக்கினால் எத்தனை வாட் தாங்கும் என்று வந்துவிடும். 6 ஆம்பியர் அடாப்டர் 230 வோல்ட்டில் 1380 வாட் வரை. அதே அடாப்டர் அமெரிக்காவில் 720 வாட்தான். ஒரு போன் சார்ஜர் 25 வாட், லேப்டாப் 65 வாட் என்று வைத்தால், ஐந்தாறு சேர்ந்தாலும் பயமில்லை. ஆனால் 1500 வாட் கெட்டில் ஒன்று சொருகினாலே எல்லை தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கு ஹஜ் பயணிகளுக்கு நன்றாகப் பயன்படும். கூடாரத்திலும் பகிர்ந்த அறையிலும் ஆள் நிறைய, சாக்கெட் குறைவு. நாலு பேர் போனும் ஒரே இரவில் சார்ஜ் ஆகணும். இங்கிருந்தே தரமான சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, அதற்கு டி-யிலிருந்து ஜி-க்கு மாற்றும் அடாப்டர் ஒன்று என்று கொண்டுபோனால் ஒரே சாக்கெட்டில் எல்லோர் வேலையும் முடியும். போன்களுக்கு மட்டும். அதே பாக்ஸில் கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ சேர்த்துவிட்டால் சூடாவது அடாப்டரின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாது. ஒரு அடாப்டரின் முதுகில் இன்னொரு அடாப்டரைச் சொருகி ரயில் மாதிரி நீட்டுவதும் வேண்டாம். தங்குமிடத்தில் எக்ஸ்டென்ஷன் கூடாது என்று விதி இருந்தால் அதை மதியுங்கள். கூடாரத்தில் தீ என்றால் அது ஒருவரோடு நிற்காது.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு

மிலானில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு நம்ம பகுதியிலிருந்து போகிறவர்கள் இத்தாலியின் சாக்கெட்டைப் பார்த்துக் குழம்புவதுண்டு. மூன்று ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் எர்த். இதன் பெயர் "எல் வகை". உங்கள் செல்போன் சார்ஜருக்கு மெல்லிய இரண்டு உருண்டை முள் இருந்தால், அடாப்டரே இல்லாமல் நேராக உள்ளே போய்விடும். நடு ஓட்டை சும்மா இருக்கும். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயினிலும் அந்த மெல்லிய முள் போகும். ஆனால் ஜெர்மனி பாணியில் முள் கொஞ்சம் தடிமனாக இருக்கும் "ஐரோப்பா அடாப்டர்" இத்தாலியின் பழைய சாக்கெட்டில் நுழையாது. ஐரோப்பா என்று எழுதியிருப்பதால் ஐரோப்பா முழுவதும் போகும் என்று நம்ப வேண்டாம்.

லேப்டாப்பின் மூன்று முள் பிளக்தான் தலைவலி. இதற்கு என் சிபாரிசு அடாப்டர் இல்லை, கேபிள். லேப்டாப் சார்ஜரின் நடுவில் ஒரு செங்கல் மாதிரி பெட்டி இருக்கிறதல்லவா, அதிலிருந்து சுவருக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். பெட்டிப் பக்கம் உள்ள முனை உலகம் முழுக்க ஒரே அளவுதான். சுவர்ப் பக்கம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். போகிற நாட்டுப் பிளக் உள்ள கேபிள் ஒன்று வாங்கிக்கொண்டால், எர்த்தும் சரியாகக் கிடைக்கும், ஆடாமல் நிற்கும். அடிக்கடி போகிறவர்கள் இதைச் செய்யலாம்.

எர்த் ஏன் முக்கியம்? பல தலை அடாப்டர்களில் நிறைய மாடல்களுக்கு எர்த் தொடர்பே கிடையாது. முள் மூன்று இருக்கும், ஒன்று வெறும் பிளாஸ்டிக். உலோக உடல் உள்ள லேப்டாப்பை அப்படிச் சொருகிவிட்டு மணிக்கட்டை மேலே வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி கரண்ட் கிள்ளும். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. நல்ல சார்ஜரில் ஆபத்தான அளவு இல்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரி உலோகச் சாமான்களுக்கு எர்த் இல்லை என்றால் அது வேறு கதை. உள்ளே கம்பி உரசினால் உயிருக்கே ஆபத்து. மூன்று முள் சாமானை எர்த் இல்லாத அடாப்டரில் சொருகக் கூடாது. நெபுலைசர், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி வைத்திருக்கும் பெரியவர்களை அழைத்துப்போகிறவர்கள், அந்தக் கருவியின் இன்புட் வரியையும் எர்த் தேவையையும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். விமான நிலையக் கடையில் தேடுகிற சமாச்சாரம் இல்லை இது.

சீனாவுக்குப் போகிறவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. 220 வோல்ட், இரண்டு பட்டை முள்ளும், சாய்ந்த மூன்று முள் "ஐ வகை"யும் அங்கே பொது. இந்த மாதிரி இத்தாலி, ஹாங்காங், சீனா என்று ஒரே பயணத்தில் மூன்று நாடு சுற்றுகிறவருக்குத்தான் யுனிவர்சல் அடாப்டர் உண்மையில் பயன்படும்.

வாங்கும்போது போனை எடுங்கள்

யூஎஸ்பி துளை உள்ள அடாப்டர் என்றால் அதற்குள்ளேயே ஒரு சார்ஜர் இருக்கிறது என்று அர்த்தம். செல்போன் சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியாவில் பிஐஎஸ் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மேல் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதன் பின் எட்டு இலக்கமும் இருக்கும். உங்கள் போனில் "பிஐஎஸ் கேர்" செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அதில் ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போய் அந்த எண்ணைத் தட்டினால், தயாரிப்பாளர் பெயர், பிராண்ட், எந்தப் பொருளுக்கான பதிவு, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். பெயரும் பொருளும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறு யாரோ ஒருவரின் எண்ணை அச்சடித்திருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் உரிம எண்ணைச் சரிபார்க்கும் பகுதி தனியாக இருக்கிறது. கடைக்காரர் முன்னாலேயே பார்க்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. சிஇ முத்திரை மட்டும் இருந்தால் அது போதாது. பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் உறுதிமொழிதான் அது.

கையில் எடுத்தும் பாருங்கள். தலையை இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா? ஒரு நாட்டு முள்ளை வெளியே தள்ளியிருக்கும்போது மற்ற முள்கள் உள்ளேயே பூட்டியிருக்கின்றனவா? சில மலிவு மாடல்களில் இரண்டு ஜோடி முள்ளும் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஒன்று சுவரில் இருக்க, இன்னொன்றில் கரண்ட் ஓடிக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். அந்த மாடல் வேண்டவே வேண்டாம். உள்ளே ஃபியூஸ் இருக்கும் அடாப்டர் நல்லது. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். வெள்ளித்தாளைச் சுருட்டி வைக்கும் வைத்தியம் தீயை அழைக்கிற வேலை.

வாங்கிய பிறகு வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அடாப்டரில் நம்ம சுவருக்குப் பொருந்தும் முள் இருந்தால் அதிலேயே சொருகலாம். லேசாகக் கதகதப்பாக இருந்தால் சரி. தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் நாற்றம், சர்ரென்ற சத்தம், இதில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பவர் பேங்க் எங்கே வைப்பது?

கைப்பையில். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. எல்லா விமானங்களுக்கும் பொது விதி இது. அளவு 100 வாட் மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்கில் எம்ஏஎச் என்று மட்டும் போட்டிருந்தால், அந்த எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்கவும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் மணி, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. அனுமதி கேட்க வேண்டும். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் தரையில் நின்றபடியே தீப்பிடித்து எரிந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கக் கெடுபிடி கூடியது. எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதல் ஆளுக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே ஆண்டு ஏப்ரலில் பயன்பாட்டைத் தடை செய்தது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை ஏற்றுவதில்லை. ஷாங்காயில் இறங்கி உள்ளூர் விமானம் மாறுகிற வியாபாரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் இணையதளத்தைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பாருங்கள்.

விமான நிலையத்தில், பஸ்ஸில், ஹோட்டல் சுவரில் இருக்கும் பொது யூஎஸ்பி துளையில் போனைச் சொருகும்போது திரையில் "தரவைப் பகிரவா?" என்ற மாதிரி கேள்வி வந்தால் "சார்ஜ் மட்டும்" என்பதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்த சார்ஜரைச் சுவரில் சொருகினால் இந்தக் கேள்வியே வராது. வங்கிச் செயலி உள்ள போனுக்கு அதுதான் நல்லது.

ஊர் திரும்பும்போது

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று ஜி வகைப் பிளக்கோடு சாமான் வரும். வந்ததும் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு கம்பியை நேராக ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் அடைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பிளக்கோடு சேர்த்து உள்ளே இருந்த ஃபியூஸையும் தூக்கிப் போடுகிறீர்கள். சாமான் 220-240 வோல்ட் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நம்ம ஊர் பிளக்கை மாட்டச் சொல்லுங்கள்; சின்னச் சாமானுக்கு 6 ஆம்பியர், சூடு செய்யும் பெரிய சாமானுக்கு 16 ஆம்பியர். பழுப்புக் கம்பி லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு போட்டது எர்த். நம்ம பழைய வயரிங்கில் இவை சிவப்பு, கறுப்பு, பச்சையாக இருக்கும் என்பதால் மாற்றிக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடாப்டரோ சார்ஜரோ வாங்கி, அது போலி முத்திரை என்று தெரிந்தால் பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் செய்யலாம். கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும், லேபிள் தெரியும்படி எடுத்த போட்டோவையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அழையுங்கள். முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.